கற்கள் கரையேறின, ஊர் மூழ்கியது

நைல் நதியில், அஸ்வான் நகரத்துக்குத் தெற்கே, ஃபிலே என்று ஒரு தீவு இருந்தது. நீளம் அரை கிலோமீட்டர் தேறாது. அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொடிநடையாகப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். அந்தத் துண்டு நிலத்தில் இசிஸ் தேவிக்கு ஒரு பெருங்கோயில், சுற்றிலும் சின்னச் சின்ன சந்நிதிகள், தூண் மண்டபங்கள், படித்துறைகள். பழைய எகிப்தின் தெய்வங்களுக்கு வேறெங்கும் விளக்கு அணைந்துவிட்ட பிறகும் வழிபாடு தொடர்ந்த இடம் அது.

இன்று எகிப்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் ‘ஃபிலே கோயில்’ என்று பார்த்துவிட்டு வருவது ஃபிலேயில் இல்லை. அரை கிலோமீட்டர் தள்ளி, அகில்கியா என்ற இன்னொரு தீவில் இருக்கிறது. கோயிலைச் சுமார் 40,000 கற்களாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழைய ஃபிலே தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

இதை வழக்கமாக யுனெஸ்கோவின் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தீவைக் காத்தவர்கள் யார் என்று கேட்டால் கதையை 1960-ல் தொடங்க முடியாது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போகவேண்டும். அங்கே நிற்பவர்கள் தெற்கிலிருந்து படகேறி வந்த நூபியர்கள். கற்களைக் காப்பாற்றியபோது உலகம் கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்ததும் அவர்களைத்தான்.

எல்லையில் ஒரு தெய்வம்

அஸ்வானுக்கு மேலே நைல், கருங்கல் பாறைகளில் மோதிச் சிதறி ஓடும். நதியின் முதல் பாய்ச்சல் என்று பெயர். வடக்கே எகிப்து, தெற்கே நூபியா. இயற்கையே போட்ட எல்லை. ஆண்டுதோறும் வரும் வெள்ளம் இங்கேயுள்ள பாறைக் குகைகளிலிருந்துதான் புறப்படுகிறது என்று பழைய எகிப்தியர் நம்பினார்கள். ஃபிலேக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிகா தீவில் ஒசிரிஸ் அடக்கமாகியிருப்பதாக ஐதீகம். அங்கே பூசாரிகள் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பத்து நாளுக்கு ஒருமுறை இசிஸின் திருமேனி ஃபிலேயிலிருந்து படகேறி, கணவனின் கல்லறைக்குப் போகும். அங்கே பால் வார்த்துவிட்டுத் திரும்பும்.

எகிப்தின் காலக்கணக்கில் ஃபிலே ரொம்பவும் இளையது. கீசா பிரமிடுகள் எழுந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பின்னால் வந்தது. இன்று நிற்பவற்றில் பழையது, கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நெக்டனெபோ கட்டிய மண்டபம். பெரிய கோயில் கிரேக்க வழிவந்த தாலமி அரசர்கள் கட்டியது. ஆற்றோரம் பதினான்கு தூண்களோடு நிற்கும் அழகான மண்டபம் ரோமப் பேரரசர் திராஜனின் பெயரைச் சுமக்கிறது. கிரேக்கர்களும் ரோமர்களும் எகிப்தை ஆண்டார்கள். ஆனால் இந்தத் தீவில் எகிப்தியப் பாணியிலேயே, எகிப்தின் தெய்வங்களுக்கே கட்டினார்கள். எல்லையில் இருக்கும் ஒரு தெய்வத்தைக் கைவிட்டால் எல்லையே கைவிட்டுப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏனென்றால் இசிஸ் வடக்குக்கு மட்டும் தாயாக இருக்கவில்லை. தெற்கே மெரோவே அரசின் தூதர்கள் காணிக்கையோடு ஃபிலேக்கு வந்தார்கள். கி.பி. 253-ல் அப்படி வந்த ஒரு தூதர், தன் அரசரின் சார்பில் தான் செய்த காரியங்களைக் கோயில் சுவரிலேயே விரிவாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். 298-ல் பேரரசர் டயோக்ளீஷியன், தெற்கில் ரோமானியர் கையில் இருந்த நிலப்பகுதியை விட்டுவிட்டு எல்லையை முதல் பாய்ச்சலுக்குப் பின்வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ஃபிலே ஒரு பேரரசின் கடைசி வாசற்படியானது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வங்களின் வழிபாட்டைத் தடைசெய்தார். எகிப்தெங்கும் கோயில்கள் மூடின. ஃபிலே மூடவில்லை. 394 ஆகஸ்ட் 24 அன்று, ஹேட்ரியன் வாசலின் சுவரில், நெஸ்மெத்தெராகெம் என்ற பூசாரி ஒரு தெய்வத்தின் உருவத்தைப் பொறித்து, அருகே படவெழுத்தில் ஒரு வாசகம் எழுதினார். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கல்லிலும் மரத்திலும் எழுதப்பட்டு வந்த எகிப்தியப் படவெழுத்தில், நாளோடு நமக்குக் கிடைத்திருக்கும் கடைசி எழுத்து அதுதான். அந்த உருவம் இசிஸ் அல்ல, ஒசிரிஸும் அல்ல. மண்டுலிஸ் என்ற நூபியத் தெய்வம். எகிப்தின் எழுத்து தன் கடைசி மூச்சைத் தெற்கத்தித் தெய்வம் ஒன்றின் பெயரில் விட்டிருக்கிறது. இந்தத் தீவைப் பற்றிய செய்திகளில் என்னை அதிகம் அசைத்துப் பார்த்தது இதுவே. எகிப்தியச் சாய்வெழுத்தான டெமோட்டிக்கின் கடைசிக் கல்வெட்டும் இங்கேதான்: 452 டிசம்பர்.

அது எப்படித் தாங்கியது? பக்தி மட்டும் காரணமில்லை, படைபலமும் உண்டு. பிளெம்மியர், நொபாதியர் என்ற இரு தெற்கத்தி இனத்தார் ரோமானிய எல்லையை அடிக்கடி தாக்கிவந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் மாக்சிமினஸ் என்ற ரோமானியத் தளபதி அவர்களைத் தோற்கடித்து ஓர் உடன்படிக்கை செய்தார். தோற்றவர்கள் கேட்டுப் பெற்றது என்ன தெரியுமா? ஃபிலே கோயிலுக்குத் தடையில்லாமல் வந்துபோகும் உரிமை. அதோடு, குறிப்பிட்ட காலத்தில் இசிஸின் திருமேனியைத் தங்கள் ஊருக்கு எழுந்தருளச் செய்து, வழிபட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் உரிமை. கிறிஸ்தவப் பேரரசு ஒன்று, தன் சட்டத்துக்கு நேர் எதிரான ஒரு வழிபாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ஃபிலேக்குக் கிடைத்த முதல் பாதுகாப்புச் சட்டம் இது என்றே நான் சொல்வேன். அதை வாங்கித் தந்தவர்கள் நூபிய மண்ணில் வாழ்ந்தவர்கள்.

535-க்கும் 537-க்கும் இடையில் பேரரசர் ஜஸ்டீனியனின் ஆணையோடு நார்சிஸ் என்ற படைத்தலைவர் வந்தார். பூசாரிகள் சிறைப்பட்டார்கள், திருமேனிகள் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போயின. அதற்கு முன்பே வழிபாடு மெல்லத் தேய்ந்திருக்கும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், தியோடர் என்ற ஆயர் தூண் மண்டபத்தைப் புனித ஸ்தேவானின் தேவாலயமாக்கினார். சுவரில் சிலுவைகள் ஏறின. தெய்வங்களின் முகங்களும் கைகால்களும் உளியால் கொத்தப்பட்டன. பார்க்க மனம் வலிக்கும். ஆனால் தேவாலயமாக ஆனதால்தான் அந்தச் சுவர்களைக் கல்லுக்காக யாரும் பிரித்துக்கொண்டு போகவில்லை. யாராவது வழிபடும் இடமாக இருந்ததால் அது நின்றது.

போய்ச்சேர்ந்த ஒரு தூண்

1799-ல் நெப்போலியனின் படை இங்கே வந்து, முதல் கோபுர வாசலில் தங்கள் வெற்றியைப் பிரெஞ்சில் பொறித்துவிட்டுப் போனது. 1815-ல் வில்லியம் பேங்க்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்தபோது, கோயிலுக்கு முன்னால் விழுந்துகிடந்த ஒற்றைக்கல் தூண் ஒன்று கண்ணில் பட்டது. அதை இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லும் வேலை சில ஆண்டுகளுக்குப் பின் பெல்சோனி என்ற இத்தாலியரிடம் வந்தது. படகில் ஏற்றும்போது துறை சரிந்து தூண் ஆற்றில் விழுந்தது. பெல்சோனி அதை மறுபடி மேலே எடுத்தார். இன்று அது டார்செட்டில், கிங்ஸ்டன் லேசி மாளிகையின் புல்வெளியில் நிற்கிறது.

அந்தத் தூணின் அடிப்பீடத்தில் கிரேக்க வாசகம் ஒன்று உண்டு. கோயிலுக்கு வருகிற அரசு அதிகாரிகளும் படைவீரர்களும் எங்கள் செலவில் உண்டு உறங்கிப் போகிறார்கள், கோயில் வருமானம் இதிலேயே கரைகிறது, இதை நிறுத்துங்கள் என்று இசிஸ் கோயில் பூசாரிகள் தாலமி அரசருக்குப் போட்ட மனு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மனு பலித்தது, அதனால்தான் கல்லில் ஏறியது. தூணின் மேல் படவெழுத்தில் கிளியோபாட்ரா என்ற பெயர் இருந்தது. படவெழுத்தும் கிரேக்கமும் சேர்ந்திருந்த ரொசெட்டா கல்லில் இருந்த தாலமி பெயரோடு அதை ஒப்பிட்டு எழுத்துகளைச் சரிபார்த்தது, 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் படவெழுத்தின் பூட்டைத் திறக்கப் பெரிதும் உதவியது. அந்த எழுத்தைக் கடைசியாக எழுதிய தீவே, அதை மறுபடி வாசிக்கவும் வழிவிட்டது.

பருத்திக்காக ஓர் அணை

1882-ல் பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது. எகிப்து கடனில் மூழ்கியிருந்தது. கடனை அடைக்கப் பருத்தி வேண்டும். பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும், நைலோ கோடையில் மெலிந்துவிடும். வெள்ளத்தைத் தேக்கிவைக்க வில்லியம் வில்காக்ஸ் என்ற பொறியாளர் முதல் பாய்ச்சலில் அணை ஒன்றுக்குத் திட்டம் போட்டார். அணைக்கு மேற்புறம் ஃபிலே.

1894-ல் ஐரோப்பியத் தொல்லியலாளர்களின் எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. அதன் பலனாக அணையின் உயரம் குறைக்கப்பட்டது, கொள்ளளவு பாதிக்கும் கீழே போனது. இளம் வின்ஸ்டன் சர்ச்சில் அதைக் கண்டு கொதித்து எழுதினார்: கல்லுக்காகத் தண்ணீரை வீணாக்குவதா என்பது அவர் வாதம். பசித்த விவசாயியைக் காட்டிப் பேசிய வாதம் அது. எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அணை வந்தால் நிலம் மூழ்கப்போகும் நூபிய விவசாயி, இரண்டு தரப்பின் பேச்சிலும் முக்கியமாக வரவேயில்லை. ஒரு தரப்புக்குக் கோயில், மறுதரப்புக்குப் பருத்தி.

கோயிலின் அடித்தளத்தைப் பலப்படுத்திவிட்டு, 1902-ல் 180 மதகுகளோடு அணையைத் திறந்தார்கள். குளிர்காலத்தில் நீர் தேங்கும்போது தீவு மூழ்கும். கோடையில் மதகு திறந்து வண்டல் வெள்ளத்தை விடும்போது வெளியே வரும். அப்போது செய்த சமரசமும் நிலைக்கவில்லை. 1907-லிருந்து 1912 வரை ஒரு முறை, 1929-லிருந்து 1933 வரை மறுமுறை அணையை உயர்த்தினார்கள். ஆண்டில் பெரும்பகுதி கோயில் நீருக்குள் இருந்தது. மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

சுற்றுலாப் பயணிகள் துடுப்புப் படகில் தூண்களுக்கு நடுவே உலா போனார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோட்டி மனம் நொந்து 1909-ல் வெளியான தன் பயணநூலுக்கு ‘ஃபிலேயின் மரணம்’ என்றே பெயர் வைத்தார். கட்டடம் சாகவில்லை, நிறம் செத்தது. தூண்தலைகளில் இருந்த பச்சையும் நீலமும் சிவப்பும் நதியில் கரைந்துபோயின. அவை எப்படி இருந்தன என்பதை, 1838-ல் வந்த ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் தீட்டிய படங்களைப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டியிருக்கிறது.

அணை உயர்ந்த ஒவ்வொரு முறையும் நூபியக் கிராமங்கள் மலைச்சரிவில் மேலே மேலே ஏறின. வயல் போனது, பேரீச்ச மரங்கள் போயின. ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் சமையல்காரராகவும் வாயிற்காவலராகவும் போனார்கள். லோட்டி இதற்கு நூல் எழுதவில்லை.

நதிக்குள் ஒரு வறண்ட பள்ளம்

1960-ல் அஸ்வான் பேரணையின் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 8 அன்று யுனெஸ்கோ தலைமை இயக்குநர் விட்டோரினோ வெரோனீஸ், நூபியாவின் சின்னங்களைக் காக்க உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டார். ஐம்பது நாடுகள்வரை கைகொடுத்தன. இந்தியாவும் போனது: 1962-ல் பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறையின் குழு நூபியாவில் அஃபியே என்ற இடத்தில் அகழாய்வு செய்தது. நாகார்ஜுன சாகர் அணைக்காக நாகார்ஜுனகொண்டாவைத் தோண்டி முடித்த கையோடு அந்தத் துறை அங்கே போயிருந்தது என்பதை நினைத்தால், அணையும் அகழாய்வும் அந்தத் தலைமுறைக்கு எப்படி ஒன்றாகவே வந்தன என்பது புரியும்.

முதலில் அபு சிம்பெல் கோயில்களை மேலே ஏற்றினார்கள். 1968-ல் அந்த வேலை முடிந்தது. ஃபிலேயின் நிலை வேறு. அது பழைய அணைக்கும் புதிய அணைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழுக்க மூழ்காது, முழுக்க வெளியே வரவும் செய்யாது. கட்டடங்களின் மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை எப்போதும் தண்ணீர். மின் உற்பத்திக்காக நீர் திறந்துவிடும் கணக்கைப் பொறுத்து மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும். மணற்கல்லுக்கு நனைந்தே கிடப்பதைவிட நனைந்து காய்ந்து நனைவது கேடு.

தீவைச் சுற்றிச் சிறு அணைகள் போட்டு, உள்ளே நீர்மட்டத்தைத் தாழ்த்தி, கோயிலை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கலாம் என்றும் ஒரு திட்டம் பேசப்பட்டது. அப்படிச் செய்திருந்தால் தீவு மிஞ்சியிருக்கும். ஆனால் கோயில் என்றென்றைக்கும் ஒரு குழிக்குள், பம்புகளை நம்பி உயிர்வாழ்ந்திருக்கும். 1968-ல் எகிப்து அரசு இடமாற்றத்தையே தேர்ந்தது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். இயந்திரம் நின்றால் மூழ்கும் கோயில், காப்பாற்றிய கோயில் ஆகாது.

வேலை 1972-ல் தொடங்கியது. தீவைச் சுற்றி எஃகுத் தகடுகளை இரண்டு வரிசையாக ஆற்றின் அடியில் இறக்கி, இடையே மணலைக் கொட்டி நிரப்பி ஒரு தற்காலிக மதில் எழுப்பினார்கள். உள்ளே இருந்த நீரை இறைத்ததும், நடு நைலில் ஒரு வறண்ட பள்ளம், அதற்குள் வண்டல் அப்பிய ஒரு கோயில். சேற்றை அள்ளி, கழுவி, மூலை மூலையாக அளந்தார்கள். பிறகு இத்தாலிய நிறுவனமான கொண்டோட்டே மாஸ்ஸி கற்களைப் பிரிக்கத் தொடங்கியது. பிரிக்கப் பிரிக்க, உள்ளே வேறொரு கோயிலின் கற்கள் வந்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அமாசிஸ் அரசர் கட்டியதைப் பிரித்துத் தாலமிகள் தங்கள் கட்டடத்தில் போட்டிருந்தார்கள். கழற்றாமல் இருந்திருந்தால் அந்தக் கோயில் இருந்ததன் சுவடே இத்தனை தெளிவாகக் கிடைத்திருக்காது.

மறுபக்கம், அகில்கியாவின் கருங்கல் உச்சியைச் சீவித் தட்டையாக்கினார்கள். சீவிய கல்லைக் கரையில் கொட்டித் தீவின் வடிவத்தையே ஃபிலேயின் வடிவத்துக்கு இழுத்தார்கள். கட்டடங்களுக்கு இடையே இருந்த இடைவெளி, பார்த்த திசை, மேட்டுப்பள்ளம் எல்லாம் பழையபடியே வரவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கண்டிப்பு. எஃகு மதிலுக்கு வெளியே விட்டுப்போன வாசல் ஒன்றின் கற்களை எகிப்தியக் கடற்படையினரும் பிரிட்டிஷ் கடற்படை முக்குளிப்போரும் கலங்கிய நீருக்குள் இறங்கி எடுத்தார்கள். 1977-ல் அகில்கியாவில் முதல் கல் அமர்ந்தது. 1980 மார்ச் 10 அன்று கோயில் திறந்தது.

பணத்தில் ஒரு பங்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். 1972-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் துத்தன்காமனின் புதையல் கண்காட்சி நடந்தது. 16 லட்சம் பேர் மணிக்கணக்கில் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த லாபம் ஃபிலேக்குப் போனது. கண்காட்சிக்குச் சீட்டு வாங்கிய லண்டன்வாசி ஒவ்வொருவரும் ஒரு கல்லை ஓரங்குலமாவது நகர்த்தியிருக்கிறார்.

நூபியப் பணி முழுக்க 8 கோடி டாலர் செலவானது. பாதியளவு வெளிநாடுகள் கொடுத்தது. அந்த அனுபவமே 1972-ன் உலகப் பாரம்பரிய உடன்படிக்கைக்கு விதை. 1979-ல் அபு சிம்பெல் முதல் ஃபிலே வரையிலான சின்னங்கள் அந்தப் பட்டியலில் ஏறின.

எண் போடாத வீடுகள்

இனி மற்ற கணக்கு. 1963 அக்டோபரிலிருந்து 1964 ஜூன் வரை, எகிப்திய நூபியர்கள் ஏறத்தாழ 50,000 பேரைப் படகிலும் ரயிலிலும் ஏற்றி, வடக்கே கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். சூடானில் வாடி ஹல்ஃபா பக்கத்தில் இருந்து அதே அளவு மக்கள், நதியை விட்டு வெகுதூரம், கிழக்கே காஷ்ம் எல் கிர்பாவுக்குப் போனார்கள்.

பழைய நூபிய வீடு விசாலமானது. மண்சுவர், அகன்ற முற்றம், வாசல் நிலைக்கு மேலே பதித்த பீங்கான் தட்டுகள், சுவரில் முதலையும் நட்சத்திரமும் வரைந்த சித்திரங்கள், வாசல் நைலைப் பார்த்து. கோம் ஓம்போவில் கிடைத்தது கான்கிரீட் கூரையில் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள். நதி கண்ணுக்கு எட்டாத தூரம். வெயிலில் அந்தக் கூரை காய்ந்தது. முதல் ஆண்டுகளில் குழந்தைகளும் முதியவர்களும் ஏராளமாக இறந்தார்கள். தோஷ்கா கிராமத்தில் பிறந்த இசைக்கலைஞர் ஹம்ஸா எல் தீன், ஊர் மூழ்கும் முன்பு நூபியா முழுக்க ஊர் ஊராகப் போய், வரப்போவதைச் சொல்லி எச்சரித்தார். மக்களின் பாட்டைச் சேகரித்தார். ஒரு பண்பாட்டைக் கழற்றி எண் போட்டு எடுத்துவைக்க யாரும் வராதபோது, ஒருவர் ஊத் என்ற தந்தி வாத்தியத்தோடு தனியே செய்த வேலை அது.

கோயிலுக்குச் செய்ததை வீடுகளுக்கும் செய்திருக்க முடியுமா என்று கேட்கலாம். கல்லைப்போல் ஊரைக் கழற்றிப் பூட்ட முடியாதுதான். ஆனால் ஃபிலேக்காக உட்கார்ந்து யோசித்தவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: திசை மாறக்கூடாது, நீர் பக்கத்தில் இருக்கவேண்டும், இடைவெளி குறையக்கூடாது, மேட்டுநிலம் மேடாகவே வேண்டும். நூபியர்கள் தங்கள் புதிய ஊருக்காகக் கேட்டதும் இவைதான். கேள்வி அதுவேயாக இருந்தும், பதில் கல்லுக்கு மட்டும் கிடைத்தது. கோயில் வேலையைத் தொடங்கவே பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். ஐம்பதாயிரம் பேரை ஒன்பது மாதத்தில் நகர்த்தி முடித்தார்கள்.

2014-ல் இரண்டு சம்பவங்கள். நவம்பர் 12 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ரொசெட்டா கலம், பூமியிலிருந்து சுமார் 51 கோடி கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வால்நட்சத்திரத்தின் மேல் சிறு இறங்குகலம் ஒன்றை இறக்கியது. இறங்குகலத்தின் பெயர் ஃபிலே; இறங்க வேண்டிய இடத்துக்கு மக்களிடம் பெயர் கேட்டு அகில்கியா என்று சூட்டியிருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் எகிப்து புதிய அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. அதன் 236-ஆம் பிரிவு, நூபியர்களை அவர்களுடைய பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவந்து, அந்தப் பகுதிகளைப் பத்தாண்டுக்குள் மேம்படுத்தும் திட்டங்களை அரசு நிறைவேற்றும் என்று எழுத்தில் உறுதி சொன்னது.

பத்தாண்டு 2024-ல் முடிந்தது. பெரும்பாலான நூபியக் குடும்பங்கள் இன்னும் கோம் ஓம்போ பக்கத்துக் குடியிருப்புகளிலேயே இருக்கின்றன. அஸ்வானில் 1997-ல் திறந்த நூபிய அருங்காட்சியகத்தில் அவர்களுடைய பழைய வீடும் அடுப்பும் காட்சிக்கு இருக்கின்றன. ஷெல்லால் துறையிலிருந்து அகில்கியாவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் மோட்டார் படகுகளை ஓட்டுகிறவர்களில் பலர் நூபியர்கள். ஹெய்சா போன்ற பக்கத்துத் தீவுகளில் நூபியக் குடும்பங்கள் வாழ்கின்றன. கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் அரசு, அதில் ஒரு பங்கை இந்தக் குடியிருப்புகளின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நூபிய மொழி வகுப்புக்கும் ஒதுக்கலாம். 236-ஆம் பிரிவை நிறைவேற்ற யுனெஸ்கோ இன்னொரு முறை உலகத்தைக் கூப்பிடவேண்டிய அவசியமும் இல்லை. கெய்ரோவில் ஒரு நாடாளுமன்றமும், அதில் நூபியர்களின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசும் ஒரு குழுவும் போதும்.